கூண்டைத் திறந்தாலும் போகாத கிளி

நீங்கள் கேட்டது இது: சந்தைக்குப் பக்கத்தில் ஒருவர் கிளிக்குஞ்சு விற்றுக்கொண்டிருந்தார், மகள் ஆசைப்பட்டாள் என்று வாங்கி வந்தீர்கள், இரண்டு மாதமாக வளர்க்கிறீர்கள். பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கிறது, கூண்டைத் திறந்து வைத்தாலும் வெளியே போவதில்லை. இப்போது பக்கத்து வீட்டுக்காரர் இது சட்டப்படி குற்றம் என்கிறார். பாசமாகத்தானே வளர்க்கிறோம், இதில் என்ன தப்பு, காட்டு உயிர்களை வீட்டில் வளர்க்கவே கூடாதா?

கூடாது என்பதுதான் என் பதில். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் "சட்டம் அப்படி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் உங்கள் மகளிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

நான் கால்நடை மருத்துவர். அன்றாடம் பார்ப்பது ஆடு, மாடு, நாய், பூனைதான். ஆனால் அவ்வப்போது ஒருவர், மற்றவர்கள் எல்லாரும் கிளம்பும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசியாக உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, கட்டைப்பையைத் திறந்து காட்டுவார். உள்ளே கிளி இருக்கும், இல்லையென்றால் நட்சத்திர ஆமை. இப்படி ஒளித்துக் கொண்டுவருகிற எல்லாருமே அந்த உயிர்மேல் உண்மையான பாசம் உள்ளவர்கள். பாசம் இல்லாதவர் மருத்துவரிடமே வரமாட்டார். ஆனால் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் பத்து நாள், இருபது நாள் தள்ளிப்போட்டு, முடியாத கட்டத்தில்தான் வருகிறார்கள். பறவைகள் நோயை வெளியே காட்டாது. காட்டில் சோர்ந்து உட்கார்ந்தால் வல்லூறு தூக்கிக்கொண்டு போய்விடும், அதனால் கடைசிவரை நன்றாக இருப்பதுபோலவே இருக்கும். இறகைப் புசுபுசுவென்று உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்கிறது என்றால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம். உங்கள் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பாசத்தை வைத்துக்கொண்டு அதற்கு வேண்டியதைக் கொடுக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நம் ஊர்ப் பச்சைக்கிளி சொந்தமாக மரத்தைக் குடைவது குறைவு. மரங்கொத்தி குடைந்து விட்ட பொந்து, பட்டுப்போன மொட்டைப் பனையின் ஓட்டை, பழைய கட்டடச் சுவரின் இடுக்கு, இப்படிக் கிடைத்த இடத்தில் முட்டை இடும். வருடத்தின் முதல் சில மாதங்கள்தான் பருவம். நாலு முட்டை வரைக்கும் இட்டு, மூன்று வாரம் அடைகாக்கும், குஞ்சு பறக்க ஏழு வாரம் ஆகும். பிடிப்பவர்களுக்கு எந்தப் பனையில் எந்த மாதம் குஞ்சு இருக்கும் என்று அத்துப்படி. கண் திறந்தும் திறக்காத குஞ்சுகளை மொத்தமாக எடுத்துவிடுவார்கள், பொந்துக்குள் கை போகவில்லை என்றால் பொந்தை உடைப்பார்கள். அந்தப் பொந்தில் அடுத்த வருடம் எந்தப் பறவையும் குடியிருக்க முடியாது. எடுத்த குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்து, ஊறவைத்த பருப்பையோ மாவையோ வாயில் திணித்து, ஊர் ஊராகக் கொண்டுபோகும்போது பாதி வழியில் செத்துப்போனவற்றை வாங்குகிறவர் பார்ப்பதில்லை. உங்கள் கையில் வந்தது பிழைத்த குஞ்சு.

"எப்படியும் பிடித்துவிட்டார்கள், நான் வாங்காவிட்டாலும் வேறொருவர் வாங்குவார், நானாவது நன்றாக வைத்துக்கொள்கிறேன்" என்று நிறையப் பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் கொடுத்த பணத்தில்தான் அடுத்த மாதம் அவர் இன்னொரு பனை ஏறுகிறார். இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, வாங்கும்போது இது யாருக்கும் தோன்றாது.

சரி, கூண்டைத் திறந்தாலும் ஏன் போகவில்லை? இறக்கையை விரித்துப் பாருங்கள். விற்பவர்கள் பெரும்பாலும் பறக்கும் இறகுகளை வெட்டிவிட்டுத்தான் கொடுப்பார்கள், கிளி ஜோசியக்காரர் சீட்டு எடுக்க வெளியே விடும் கிளி பறந்து போகாததற்கும் அதுதான் காரணம். வெட்டாமல் இருந்தால்கூட, ஒன்றரை அடிக் கூண்டில் வளர்ந்த குஞ்சுக்குப் பறக்கிற தசை வளர்ந்தே இருக்காது. இதைவிட முக்கியமானது, எங்கே போவது என்று அதற்குத் தெரியாது. காட்டுக் கிளி கூட்டமாக வாழ்கிற பிராணி. எந்த மரத்தில் பழம், எந்த வயலில் கதிர், வல்லூறு வந்தால் என்ன குரல் கொடுப்பது, சாயங்காலம் எந்த மரத்துக்குத் திரும்புவது, எல்லாவற்றையும் பறக்கத் தொடங்கிய பிறகு அம்மா அப்பா பின்னால் சுற்றித்தான் கற்றுக்கொள்ளும். உங்கள் கிளிக்கு அந்தப் பள்ளிக்கூடமே கிடைக்கவில்லை. அதற்குத் தெரிந்த ஒரே மரம் அந்தக் கூண்டு. அதைப் பாசம் என்று நாம் படித்துக்கொள்கிறோம்.

இங்கேதான் எல்லாரும் குழம்பும் ஒரு விஷயம் வருகிறது. பழகுவது வேறு, வீட்டு விலங்காவது வேறு. ஒரு விலங்கு தன் ஆயுளுக்குள் மனிதரோடு பழகிவிடலாம், அதன் குட்டி மறுபடியும் காட்டு விலங்காகத்தான் பிறக்கும். வீட்டு விலங்காவது ஒரு விலங்குக்கு நடப்பதில்லை, தலைமுறை தலைமுறையாக ஒரு இனத்துக்கு நடப்பது. நாய் மனிதனோடு வாழத் தொடங்கிக் குறைந்தது பதினைந்தாயிரம் வருடம் ஆகிறது. "நாயும் ஒரு காலத்தில் ஓநாய்தானே" என்று கேட்பவர்களுக்கு நான் ரஷ்ய நரி ஆராய்ச்சியைச் சொல்வேன். 1959-ல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க்கில் திமித்ரி பெல்யாயெவ் என்ற மரபியல் அறிஞர், உரோமத்துக்காகப் பண்ணையில் வளர்த்த நரிகளில், மனிதனைக் கண்டு மிகக் குறைவாகப் பயப்படுபவற்றை மட்டும் பொறுக்கி இனப்பெருக்கம் செய்ய வைத்தார். அவற்றின் குட்டிகளிலும் அதே மாதிரி பொறுக்கினார். சில தலைமுறைகளில் வாலாட்டும் நரிகள் வந்தன, அப்புறம் தொங்கும் காதும் உடம்பில் வெள்ளைத் திட்டுமாக நரிகள் பிறந்தன. அவர் இறந்த பிறகும் லுத்மிலா த்ரூத் என்ற விஞ்ஞானி அதைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். ஒவ்வொரு தலைமுறையிலும் மிகச் சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, மற்றவற்றை ஒதுக்கி, ஒரு நிறுவனமே உட்கார்ந்து செய்த வேலை அது. ஒரு குட்டியை மடியில் வைத்துப் பாலூட்டி வளர்ப்பதால் நடப்பதல்ல.

இன்னொரு உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. மொகலாயர்கள் வேட்டைக்குச் சிவிங்கிப்புலிகளைப் பழக்கினார்கள். அக்பரிடம் ஒரே சமயத்தில் ஆயிரம் சிவிங்கிப்புலிகள் இருந்ததாக அவர் மகன் ஜஹாங்கீர் எழுதி வைத்திருக்கிறார். அவற்றைக் குட்டி போட வைக்க அக்பர் எவ்வளவோ முயன்றும் நடக்கவில்லை என்றும், தன் காலத்தில் ஒரு ஆண் கழுத்துப்பட்டையிலிருந்து நழுவிப் பெண்ணோடு சேர்ந்ததில் மூன்று குட்டிகள் பிறந்தன என்றும் அவரே அதிசயமாகக் குறித்திருக்கிறார். அரசரின் பணம், ஆள், இடம், கறி எல்லாம் இருந்தும் அவ்வளவுதான் முடிந்தது. அதனால் வேண்டும்போதெல்லாம் காட்டிலிருந்தே பிடித்தார்கள். பிடித்துக்கொண்டே இருந்ததும், வேட்டையும், புல்வெளிகள் அழிந்ததும் சேர்ந்து, 1952-ல் இந்தியாவில் சிவிங்கிப்புலி அற்றுப்போய்விட்டது என்று அரசு அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. இவ்வளவுக்கும் அது மனிதரிடம் மிகச் சுலபமாகப் பழகும் விலங்கு.

உங்கள் கிளிக்குத் திரும்பி வருகிறேன். குஞ்சு இப்போது கொஞ்சுகிறது. இரண்டு மூன்று வயதில் அது பருவத்துக்கு வரும், ஆணாக இருந்தால் கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமுமாக ஆரம் விழும். ஜோடி தேடும். வீட்டில் யாராவது ஒருவரை ஜோடியாக நினைத்துக்கொண்டு, கிட்டே வரும் மற்றவர்களைக் கடிக்கும். பழத்தைத் துளைக்கும் அலகு, குழந்தையின் விரலில் சதையைப் பிய்த்து எடுக்கும். "இத்தனை நாள் நன்றாக இருந்தது டாக்டர், திடீரென்று மாறிவிட்டது" என்பார்கள். அது வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அதற்கப்புறம் கூண்டைத் திறப்பதை நிறுத்துவார்கள், பேச்சு குறையும், கூண்டு மாடிப்படிக்குக் கீழே போகும். கூண்டில் பச்சைக்கிளி இருபது வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். உங்கள் மகள் கல்லூரிக்குப் போன பிறகும், கல்யாணமாகிப் போன பிறகும் அது அங்கேயே இருக்கும், தனியாக. தனிமை தாங்காமல் தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக்கொண்ட கிளிகளைப் பார்த்திருக்கிறேன், தலையில் மட்டும் இறகு இருக்கும், ஏனென்றால் அலகு அங்கே எட்டாது.

சாப்பாடும் அப்படித்தான். பால்சோறு, பிஸ்கட், சூரியகாந்தி விதை, அப்புறம் பச்சை மிளகாய். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதே இல்லை, அதனால் மிளகாயில் கெடுதல் ஒன்றும் கிடையாது, சொல்லப்போனால் அந்தத் தட்டிலேயே நல்ல பொருள் அதுதான். சோறும் விதையுமாகவே தின்றால் வைட்டமின் ஏ குறைந்து வாய்க்குள் வெள்ளைத் திட்டு வரும், கண்ணைச் சுற்றி வீங்கும். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் வலிப்பே வரும். வெயிலே படாத கூடத்துக் கூண்டில் எலும்பு வளைந்துபோய், என் கையில் வைத்ததும் நிற்க முடியாமல் சரிந்த ஒரு கிளி இன்னும் நினைவில் இருக்கிறது. அதை வளர்த்த பாட்டி தான் சாப்பிடும் முன்னால் அதற்கு ஊட்டிவிட்டுத்தான் சாப்பிடுவாராம். இன்னொன்று, கூண்டு அடுப்படியில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நான்ஸ்டிக் சட்டி அதிகமாகக் காய்ந்துவிட்டால் வரும் புகையில், நமக்கு ஒன்றும் தெரிவதற்கு முன்பே பறவை செத்துவிடும்.

உங்கள் பக்கமும் பார்க்க வேண்டும். கிளியிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒரு நுரையீரல் காய்ச்சல் உண்டு, காய்ந்த எச்சத்தின் தூசி வழியாக வரும். ஆமையின் தோலிலும் அது கிடக்கும் தண்ணீரிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். குழந்தைகள் சின்ன ஆமைகளை வாயில் வைத்து நோய் வாங்கியதால்தான் அமெரிக்காவில் நாலு அங்குலத்துக்கும் குறைவான ஆமைகளை விற்பதை 1975-லேயே தடை செய்தார்கள். குரங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், குட்டியாக இருக்கும்போது கழுத்தைக் கட்டிக்கொள்ளும், வளர்ந்ததும் கோரைப்பல்லால் கிழிக்கும், ரேபிஸ் அபாயம் வேறு. 2009-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், குட்டியிலிருந்து வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்ந்த ஒரு சிம்பன்ஸி, தனக்குப் பல வருடம் பழக்கமான பெண்ணின் முகத்தையும் கைகளையும் சிதைத்தது. அது உடை உடுத்தி, மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்த விலங்கு.

நட்சத்திர ஆமையைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அது வீட்டில் இருந்தால் பணம் சேரும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. 2015-ல் வெளியான ஒரு ஆய்வு, ஆந்திரா-கர்நாடக எல்லைப் பக்கம் ஒரே பகுதியிலிருந்து மட்டும் வருடத்துக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்படுவதாகக் கணக்கிட்டது. 2019-ல் உலக நாடுகளின் வன உயிர் வணிக ஒப்பந்தத்தில் அதை மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலுக்கு ஏற்றினார்கள். தேவாங்குக்கும் இதே கதி, தாயத்து, மாந்திரீகம் என்று பிடிப்பார்கள். இரவில் பூச்சி பிடித்துத் தின்கிற, வெளிச்சம் தாங்காத அந்தக் கண்களை நடுப்பகலில் கூட்டத்துக்கு நடுவே காட்டுவார்கள். அதற்காகவே 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது மனதுக்கு ஆறுதலான செய்தி. அதன் உறவினமான இன்னொரு தேவாங்கு தென்கிழக்கு ஆசியாவில் இருக்கிறது. அதை ஒருவர் கிச்சுக்கிச்சு மூட்ட, அது கையைத் தூக்கி ரசிப்பதுபோல் தெரியும் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது ரசிப்பதில்லை. முழங்கையின் உட்பக்கம் உள்ள நஞ்சுச் சுரப்பியை வாய்க்கு எட்டும்படி வைத்துக்கொள்ளும் தற்காப்பு நிலை அது, பயத்தின் உச்சம். விற்பதற்கு முன் அதன் பற்களை வெட்டிவிடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில், அதாவது எந்த உயிருக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று வகுத்த பட்டியல்களில், பாதுகாக்கப்பட்டதாக உள்ள உயிர்களைப் பிடிப்பது, விற்பது, வாங்குவது, வைத்திருப்பது எல்லாமே குற்றம். 1990-களின் தொடக்கத்திலிருந்து நம் நாட்டுப் பறவைகளின் வியாபாரமே தடைசெய்யப்பட்டிருக்கிறது. 2022-ல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பச்சைக்கிளி இப்போது இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது, மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மிக அதிகப் பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணை உயிர்களுக்குத் தண்டனை குறைந்தது மூன்று வருடம், ஏழு வரை போகலாம். லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் சின்னப் பறவைகள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை, பல தலைமுறையாகக் கூண்டிலேயே இனப்பெருக்கம் ஆனவை, அவற்றுக்குத் தடை இல்லை. வெளிநாட்டு மலைப்பாம்பு, மக்காவ் கிளி, மார்மோசெட் குரங்கு இவற்றையெல்லாம் வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதி வந்திருக்கிறது. பதிவு செய்தால் வழக்கு வராது, அந்த விலங்குக்கு இடமும் துணையும் வந்துவிடாது. பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபடும் செய்திகளைப் பாருங்கள், ஒரு பெட்டியில் எத்தனை உயிர்!

தானாகவே நம்மை விட்டுப் போகாத உயிரை என்ன செய்வது என்ற கேள்வி உங்கள் மனதில் இன்னும் இருக்கும், எனக்கும் இது சுலபமான கேள்வி இல்லை. உத்தரப்பிரதேசத்தில் அமேதி பக்கம் ஒருவர், வயலில் காலொடிந்து கிடந்த சாரஸ் கொக்கை எடுத்து மருந்து போட்டுக் காப்பாற்றினார். குணமான பிறகு அது போகவில்லை. கூண்டும் இல்லை, கயிறும் இல்லை, அவர் பைக்கில் போனால் மேலே பறந்து கூடவே வரும். 2023 மார்ச்சில் வனத்துறை அதை எடுத்துக்கொண்டுபோனது, கடைசியில் கான்பூர் மிருகக்காட்சிசாலையில் அடைபட்டது. கட்டில்லாமல் பறந்த பறவையைக் கூண்டில் போட்டதுதான் பாதுகாப்பா என்று நாடே கேட்டது. எனக்கும் அந்த முடிவில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் அவர் செய்தது விலங்கு வளர்ப்பு என்றும் நான் சொல்லமாட்டேன். காயத்துக்கு மருந்து போட்டார், கதவே இல்லாத இடத்தில் விட்டார். காசு கொடுத்து வாங்கிய குஞ்சை அதோடு ஒப்பிட முடியாது.

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் கிளிக்கூண்டு மண்டபம் என்றே ஒன்று இருக்கிறது, அம்மன் பெயரைச் சொல்லக் கிளிகளைப் பழக்கி அங்கே வைத்திருந்தார்கள். இப்போது கிளிகள் இல்லை, பெயர் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கிளி தினமும் புதிதாக இலையால் செய்யப்படுகிறது, மூக்குக்கு மாதுளம்பூ. உங்கள் மகளுக்கு இதைக் காட்டுங்கள், ரொம்பப் பிடிக்கும்.

இனி என்ன செய்வது. தயவுசெய்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டுவிடாதீர்கள். வெளியே விட்ட சில நிமிடத்தில் காகங்கள் சூழ்ந்துகொள்ளும், தப்பினாலும் இரை தேடத் தெரியாமல் பட்டினியில் போகும். உங்கள் மாவட்ட வன அலுவலகத்தை அழைத்துச் சொல்லுங்கள். 2023 ஜூலையில் மதுரை வனத்துறை, கிளி வைத்திருப்பவர்கள் தாமாகவே ஒப்படைக்கச் சொல்லிக் கெடு வைத்து அறிவித்தது. நான் பார்த்தவரை தாமாக வந்து ஒப்படைப்பவர்களை அதிகாரிகள் கஷ்டப்படுத்துவதில்லை, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார்கள், உண்மையைச் சொல்லுங்கள், அது அடுத்த குஞ்சுகளைக் காப்பாற்றும். நீங்கள் இரண்டு மாதமாகத்தான் வளர்க்கிறீர்கள் என்பதால் நம்பிக்கை நிறைய இருக்கிறது. வெட்டிய இறகு உதிர்ந்து புதிது முளைக்கப் பல மாதம் ஆகும், அதுவரை பெரிய கூண்டில் மற்ற கிளிகளோடு விட்டுப் பறக்கப் பழக்கி, பிறகு கூட்டமாகத்தான் வெளியே விடுவார்கள். வருடக்கணக்காக வளர்ந்த கிளி என்றால் இதை நான் இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்கமாட்டேன்.

ஒப்படைக்கும் நாள்வரை பால்சோறை நிறுத்திவிட்டு, ஊறவைத்து முளைகட்டிய பயறு, கொய்யா, கேரட், முருங்கைக்கீரை, கிடைத்தால் கோவைப்பழம் கொடுங்கள். காலை இளவெயிலில் அரைமணி நேரம் வையுங்கள், பூனை வராமல் பக்கத்திலேயே இருந்து. பேச்சுக் கொடுப்பதைக் குறையுங்கள், இது மகளுக்குத்தான் கஷ்டம். அதனால் அவளுக்கு முழுக்கதையையும் சொல்லுங்கள், பனைமரப் பொந்தையும் சேர்த்து, ஒன்பது பத்து வயதுக் குழந்தைக்கு இது நன்றாகவே புரியும். கூண்டைத் துணியால் மூடி, வெயில் ஏறும் முன்னால் கொண்டுபோங்கள். அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள், கூண்டை அவளே கொடுக்கட்டும்.

வீட்டு வேலியில் ஒரு கோவைக்கொடியைப் படரவிடுங்கள், களை என்று பிடுங்காமல். மாடியில் ஒரு மண்சட்டியில் தண்ணீர். எங்கள் வீட்டில் கொடி காய்க்கத் தொடங்கிய வருடமே கிளிகள் வர ஆரம்பித்துவிட்டன, விடிந்து கொஞ்ச நேரத்தில் வரும், இரண்டோ மூன்றோ, பழத்தை ஒரு காலில் பிடித்துக்கொண்டு தின்னும், கதவு திறக்கும் சத்தம் கேட்டால் கத்திக்கொண்டே போய்விடும்.